ஒஸ்லோ பார்க்க வந்தவள்

லண்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை. போன வருடம் நவம்பர் தொடக்கத்தில் ஒரு நாள், பிள்ளைகளின் பகல் சாப்பாடு முடிந்து பெரிய தட்டங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒஸ்லோவிலிருந்து அண்ணி அழைத்தார். அண்ணி வேலை நேரத்தில் அழைக்கிறவர் அல்ல. கையைத் துடைத்துக்கொண்டு பின்கதவால் போய்க் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"மச்சாள், தனியவோ நிக்கிறியள்?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணி, சொல்லுங்கோ."

"அண்ணைக்குச் சரியில்லை. கணையத்திலையாம். நல்லாப் பரவிப்போச்சாம். ஒப்பரேஷனும் சரிவராதாம். டிசம்பரிலை நத்தாரைத் தாண்டினாலே பெரிய காரியமாம்."

அண்ணைக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"ஐயோ, அவருக்குத் தெரியாது! மகள்தான் எனக்குச் சொன்னவள். தெரிஞ்சா அண்டைக்கே விழுந்துபோவார். நீங்களும் காட்டிக்கொள்ளக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ மச்சாள்."

பண்ணினேன். நோர்வே போன்ற ஒரு நாட்டில் டொக்டர் ஒரு மனிதனுடைய நோயை அவனுக்கே சொல்லாமல் விடுவானா என்று அந்த நேரம் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு இது புதுமையில்லை. வருத்தக்காரனைத் தவிர ஊர் முழுக்க வருத்தம் தெரிந்திருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் தோடம்பழத்தோடு வந்து, 'ஆள் தேறிவிட்டாரே' என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்று அழுதுவிட்டுப் போவார்கள். நானும் அப்படிப் பலமுறை வாசலில் நின்றவள்தான்.

உடனே போகவேண்டும் என்று நினைத்தேன். அண்ணையைப் பார்ப்பதற்கு மட்டும் இல்லை. அவரிடம் நான் ஒரு சொல்லைத் திருப்பி எடுக்கவேண்டியிருந்தது.

அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தொரு வருடங்களுக்கு முன்னர் அப்பா செத்தபோது நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். அண்ணை ஒஸ்லோவில் இருந்தார். அவரிடம் இருந்தது அகதிப் பயணப் பத்திரம். அதில் இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் என்று அச்சடித்திருக்கும். அவர் வர வழியே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மூத்த மகன், ஒரே ஆண்பிள்ளை, கொள்ளி வைக்கவேண்டியவர். கடைசியில் சித்தப்பாவின் மகன் வைத்தான். எல்லாம் முடிந்து, ரவுணில் ஒரு ரெலிபோன் கடையில் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று நான் அண்ணைக்கு எடுத்தேன். அவர் அழுதுகொண்டு ஒரேயொரு கேள்வி கேட்டார். "அப்பாவின்ரை முகம் எப்பிடி இருந்தது பிள்ளை?"

"கொள்ளி வைக்க வராதவருக்கு முகம் எப்பிடி இருந்தா என்ன?" என்றேன்.

அந்தப் பக்கம் அழுகை நின்றது. பிறகு, "சரி பிள்ளை, வை," என்றார். அவ்வளவுதான். பிறகு நான் கலியாணம் கட்டி லண்டன் வந்தேன். அண்ணை வந்தார், போனார், என் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கொண்டுவந்தார், மாதாமாதம் கதைத்தோம். அந்தச் சொல்லைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. என் நாக்கில் சனி இருக்கிறது என்று அம்மா சொல்வார். அந்தச் சனி அன்றைக்கு மட்டும் பேசியிருக்காவிட்டால் நான் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

லண்டனிலிருந்து ஒஸ்லோ இரண்டு மணித்தியாலப் பறப்பு. நான் லண்டன் வந்த பதினேழு வருடத்தில் ஒரே ஒரு தரம் போயிருக்கிறேன், அண்ணையின் மகள், என் மருமகள், பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு. அப்போது பார்த்தது ஒரு மண்டபமும் அண்ணையின் அடுக்குமாடியும்தான். இப்போது திடீரென்று நவம்பர் மாதத்தில் போய் இறங்கினால் அண்ணை ஏன் என்று கேட்பார். ஒரு காரணம் வேண்டும். நான்தான் பெரிய கெட்டிக்காரி, உடனே ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

"அண்ணை, வேலையிலை ரெண்டு நாள் லீவு கிடைச்சிருக்கு. ஒஸ்லோவை ஒருக்கா வடிவாப் பாக்கோணும் போல கிடக்கு. வரட்டோ?"

"ஒஸ்லோவையோ? இந்த மாதத்திலையோ? விசரே உனக்கு? நாலு மணிக்கெல்லாம் இருட்டிப்போகும்."

"பரவாயில்லை. எல்லாரும் போய் படம் எடுத்துப் போடினம். எனக்கு அண்ணன் இருந்தும் நான் பாக்கேல்லை."

அவர் சிரித்தார். "சரி வா. நான் காட்டுறன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது எனக்கு அங்கே போனபிறகுதான் விளங்கியது.

வியாழக்கிழமை பின்னேரம் அண்ணையின் வீட்டடியில், ஹவுகன்ஸ்டுவா ஸ்ரேஷனில் இறங்கினேன். மழையா பனியா என்று சொல்லமுடியாத ஒன்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று மணிதான், ஆனால் விளக்குகள் எல்லாம் எரிந்தன. அண்ணை மேடையில் நின்றார். முதலில் நான் அவரைக் கடந்து போய்விட்டேன். ஒரு ஜக்கெற் நின்றது, அதற்குள் ஆள் இல்லாததுபோல இருந்தது. "பிள்ளை" என்று கூப்பிட்ட குரல் மட்டும் பழைய குரல்.

"என்ன அண்ணை, இப்பிடி மெலிஞ்சு போனியள்?" அதைக் கேட்காவிட்டால் சந்தேகம் வரும் என்று கேட்டேன்.

"சீனி வருத்தமெல்லே. டொக்டர் சோறு குறைக்கச் சொல்லிப்போட்டான். இருபது வருஷமாச் சொன்னவன், இப்பதான் கேக்கிறன்," என்றார். சொல்லிக்கொண்டே என் பையைப் பிடுங்கினார். நான் விடவில்லை. இரண்டு பேரும் மேடையில் நின்று பைக்கு இழுபறிப்பட்டோம். கடைசியில் ஆளுக்கொரு பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அவர் பக்கத்தில் பாரமே இல்லை. முழுப் பாரமும் என் கையில் இருந்தது.

வீட்டில் குளிர்சாதனப்பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அண்ணை இருபத்திரண்டு வருடம் ஒஸ்லோவில் பஸ் ஓட்டியவர். ஓய்வுபெற்று ஒன்றரை வருடம்தான். அவருக்கு எல்லாம் நிமிடக் கணக்கு. தாளில் வெள்ளி என்று எழுதிக் கீழே கோடு போட்டிருந்தார். 09.12 வீட்டிலிருந்து. 09.51 ஒப்பரா மண்டபம், கூரையில் நடக்கலாம். 11.05 அகெர்ஷுஸ் கோட்டை. 12.30 சாப்பாடு, கொண்டுபோவது. அப்படியே சனிக்கிழமைக்கும் பத்து வரி. ஞாயிற்றுக்கிழமைக்குக்கூட நான் ரயில் ஏறுவதற்கு முன் ஒரு கோயில் எழுதியிருந்தது.

"இவ்வளவும் என்னத்துக்கு அண்ணை? வீட்டிலை இருந்து கதைப்பம்," என்றேன்.

"ஒஸ்லோ பாக்கவெல்லே வந்தனீ? மூண்டு நாளிலை பாக்கிறதெண்டா இப்பிடித்தான் பாக்கோணும். வீட்டிலை இருந்து கதைக்க லண்டனிலையிருந்து வருவினமோ ஆரும்?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி கண்ணால் வாயை மூடு என்றார். மூடினேன்.

வெள்ளிக்கிழமை ஒப்பரா மண்டபத்தின் கூரையில் ஏறினோம். அது தண்ணீரிலிருந்து சரிவாக மேலே போகும் வெள்ளைக் கூரை, யாரும் நடந்து ஏறலாம். கல் ஈரமாக இருந்தது. அண்ணை பத்து அடிக்கு ஒரு தரம் நின்று, "உது பார், உதுதான் பழைய துறைமுகம்," "அந்தா தெரியிறது ஒரு தீவு, கோடையிலை ஃபெரியிலை போகலாம்," என்று கையைக் காட்டினார். காட்டுவதற்காக நிற்கவில்லை, மூச்சுக்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தெரியாத மாதிரி நான் அந்தச் சாம்பல் தண்ணீரைப் பார்த்து, "ஆ, நல்ல வடிவு," என்றேன். பாதியில், "நான் எத்தினையோ ஆயிரம் தரம் இதுக்குப் பக்கத்தாலை பஸ் கொண்டுபோனனான். ஒரு நாளும் இதிலை ஏறினதில்லை. நேரம் எங்கை?" என்றார். நல்ல தருணம். பக்கத்தில் ஒருவருமில்லை. இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

என்னவென்று சொல்வது? இருபத்தொரு வருடம் கழித்து ஒருத்தி கடல் கடந்து வந்து, அண்ணை, அன்றைக்குச் சொன்னதை மன்னித்துக்கொள்ளுங்கோ என்று அழுதால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. பிழைக்கப்போகிறவனிடம் யாரும் அப்படி மன்னிப்புக் கேட்பதில்லை. நான் கேட்கும் அந்த நிமிடமே, அவர் சாகப்போகிறார் என்பதை அவருக்குச் சொன்னவள் நானாவேன். சத்தியம் வேறு பண்ணியிருக்கிறேன். திறந்த வாயால், "குளிருது அண்ணை," என்றேன்.

"அப்ப கோட்டைக்குப் போவம். பதினொண்டு அஞ்சுக்கு அங்கை நிக்கோணும்," என்றார்.

கோட்டையில் பீரங்கிகளைப் பார்த்தேன். ஒரு சுவரைப் பார்த்தேன். அது எந்த அரசன் கட்டியது என்று அண்ணை சொன்னதை இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் அவருடைய கழுத்தைத்தான். சால்வைக்கும் தொப்பிக்கும் நடுவில் இரண்டு நரம்புகள் மட்டும் தெரிந்தன.

பகல், கடற்கரை மரவாங்கில் உட்கார்ந்து அண்ணி கட்டித்தந்த இடியப்பத்தைத் திறந்தோம். அவர் தன் பங்கில் ஒன்றைப் பிய்த்து வாயில் வைத்து, மென்று, மென்று, விழுங்காமல் வைத்திருந்தார். நான் வேறு பக்கம் திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் மற்றதைக் கடற்பறவைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "உதுகளும் பாவம்," என்றார். எனக்கு அந்த வாங்கிலேயே விழுந்து கத்த வேண்டும்போல இருந்தது.

சனிக்கிழமை இன்னும் மோசம். காலையில் சிலைப் பூங்கா. அம்மணமான கல் மனிதர்கள், ஒருவர்மேல் ஒருவர் ஏறி, குழந்தைகள், கிழவர்கள், எல்லார் தலையிலும் ஈரப் பனி. அண்ணை அங்கே ஒரு கிழவனைக் காட்டி, "என்னை மாதிரிக் கிடக்கிறான்," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்களுக்கு விசர்," என்றேன்.

பிறகு மலைக்கு. ஹொல்மன்கொல்லன் என்று ஒரு இடம். அங்கே பனிச்சறுக்குக்காரர் பாய்கிற பெரிய தளம் ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கிறது. டி-பானே என்ற நகர ரயிலில் ஏறி, இறங்கி, மேட்டில் நடந்து போகவேண்டும். அந்த மேட்டை ஏற எங்களுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. பிள்ளைகளை வண்டிலில் வைத்துத் தள்ளுகிற தாய்மார்கூட எங்களைக் கடந்து போனார்கள். மேலே போனால் மூடுபனி. தளத்தின் கால் மட்டும் தெரிந்தது, தலையைக் காணவில்லை.

"உச்சிக்கு லிஃப்ற் இருக்கு. நீ போட்டு வா. நான் உதிலை இருக்கிறன்," என்று அண்ணை ஒரு வாங்கைக் காட்டினார்.

"ஒண்டும் தெரியாது அண்ணை, ஒரே பனிப்புகார். வீட்டை போவம்."

"இவ்வளவு தூரம் வந்திட்டு! போ, போ. ஒஸ்லோ முழுக்கத் தெரியிற இடம் இது ஒண்டுதான்."

நான் போனேன். இதை எழுதும்போது எனக்கு என்மேல் வருகிற ஆத்திரத்தைச் சொல்லமுடியாது. எங்களுக்குக் கிடைத்ததே இரண்டரை நாள். அதில் இருபது நிமிடம், நான் ஒரு கோபுரத்தின் உச்சியில் நின்று வெள்ளைத் துணி போட்டு மூடியதுபோன்ற ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கெதியாக இறங்கினால் பார்க்கவில்லை என்று நினைப்பார் என்பதற்காக மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நின்றேன். கீழே அந்த மனிதர் குளிரில் தனியாக இருந்தார்.

இறங்கி வந்தபோது வாங்கில் ஆள் இல்லை. சுற்றி ஓடினேன். கட்டடத்தின் பக்கவாட்டில், சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். சத்தி எடுத்திருந்தார். என்னைக் கண்டதும் காலால் பனியை இழுத்து அதன்மேல் மூடினார்.

"காலமைத் தோசை. மா புளிச்சுப்போச்சுப் போல," என்றார்.

"ஓம், எனக்கும் வயித்துக்கை ஒரு மாதிரித்தான் கிடக்கு," என்றேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "என்ன தெரிஞ்சது?"

"எல்லாம் தெரிஞ்சது அண்ணை. கடல், தீவு, ஒப்பரா, எல்லாம்."

"நான் சொன்னனானெல்லே," என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார். அண்ணி சாமான் வாங்கக் குரோருட்டில் உள்ள தமிழ்க் கடைக்குப் போயிருந்தார். மருமகள் வந்திருந்தாள். நோர்வேயில் பிறந்தவள், முப்பது வயது, மோர்டென்ஸ்ருட்டில் தனியாக இருக்கிறாள், நகரத்தின் அந்தக் கோடி. நான் குசினியில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நிற்க, அவள் கதவைச் சாத்திவிட்டு என்மேல் பாய்ந்தாள்.

"மாமி, நீங்கள் என்ன செய்யிறீங்கள்? அப்பா நடக்கேலாமல் இருக்கிறார். நீங்கள் அவரை டூரிஸ்ற் மாதிரி இழுத்துக்கொண்டு திரியிறீங்கள்!"

"நான் இழுக்கேல்லையடி! அவர்தான் தாளும் கையுமா நிக்கிறார். வருத்தம் தெரியாத மனுசனிட்டை நான் என்னெண்டு வேண்டாமெண்டு சொல்லுறது?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன்.

"தெரியாதோ? மாமி, இஞ்சை லெகே முதல் ஆருக்குச் சொல்லும்? நோயாளிக்குத்தான்! நான் பக்கத்திலை இருந்தனான். அப்பா எல்லாக் கேள்வியும் கேட்டவர், எத்தினை கிழமை எண்டும் கேட்டவர். பிறகு என்னட்டைச் சொன்னவர், அம்மாவுக்கு நீ மெதுவாச் சொல்லு, ஆனா எனக்குத் தெரியுமெண்டு சொல்லாதை, அவ தாங்கமாட்டா எண்டு. லண்டனுக்கு ஒண்டும் சொல்லக்கூடாது எண்டும் சொன்னவர்."

லெகே என்றால் டொக்டர் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

"அப்ப அம்மா?" என்றேன்.

"அம்மா அப்பாவுக்குத் தெரியாதெண்டு நினைக்கிறா. அப்பா தனக்குத் தெரியாத மாதிரி நடிக்கிறார். ரெண்டு பேரும் ஒரே கட்டிலிலை படுக்கினம் மாமி. நடுவிலை நான். நீங்கள் எல்லாரும் ஏன் இப்பிடி?" சொல்லிக்கொண்டே அழத்தொடங்கினாள். பிறந்தநாள் முதல் நோர்வேயில் வளர்ந்த பிள்ளை, அவளுக்கு இது என்ன விளங்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு முகமில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நாங்கள் மடையர் பிள்ளை," என்றேன்.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கியது. அவருக்குத் தெரியுமென்றால் நான் மன்னிப்புக் கேட்கலாம். இனி ஒன்றும் தடையில்லை. அவர் எழும்பியதும், அண்ணி வரமுதல், பக்கத்தில் இருந்து கேட்டுவிடவேண்டும் என்று வரவேற்பறையில் காத்திருந்தேன்.

அண்ணை எழும்பமுதல் மணி அடித்தது. கீழ்மாடிக் குடும்பம், றோல்ஸ் பலகாரத் தட்டத்தோடு. "லண்டனிலையிருந்து வந்தவவாம், பாக்காமல் விடலாமே!" அவர்கள் இருந்து ஐந்து நிமிடத்தில் இன்னொரு குடும்பம், பிறகு இன்னொன்று. ஒரு வீட்டுக்காரர் வந்தால் மற்ற வீட்டுக்காரர் வராமல் இருக்கமுடியாது, பிறகு குறை வரும். ஏழு மணிக்கு அந்தச் சின்ன அறையில் பதினாறு பேர். அண்ணை முகம் கழுவி, நல்ல சேட் போட்டு வந்து நடுவில் இருந்தார். நான் எங்கெங்கே பார்த்தேன் என்று அவரே எல்லோருக்கும் சொன்னார். "உச்சியிலை நிண்டு முழு ஒஸ்லோவும் பாத்தவ!" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்து ஓ என்றார்கள். வந்த எல்லோருக்கும் அவருடைய வருத்தம் தெரியும் என்பது அவர்கள் அவருக்குத் தேத்தண்ணி நீட்டிய விதத்திலேயே தெரிந்தது. எட்டு மணிக்கு அவர் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார். எல்லோரும் சத்தமில்லாமல் சப்பாத்துப் போட்டார்கள். வாசலில் ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பத்தரைக்குத்தான் எழும்பினார். கோயில் விடுபட்டது. அதற்காக என்னிடம் இரண்டு தரம் குறை நினைக்கவேண்டாம் என்றார். ஸ்ரேஷனுக்கு யாரும் வரவேண்டாம், தான் தனியக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். அண்ணி மறித்தும் கேட்கவில்லை. ரயில் வர ஒன்பது நிமிடம் இருந்தது. மேடையில் எங்களைத் தவிர, காதில் எதையோ மாட்டிக்கொண்டு நின்ற ஒரு பெட்டை மட்டும்தான்.

இனிப் பொறுத்தால் கிடையாது என்று தெரிந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அண்ணை, அப்பா செத்த நேரம் ரெலிபோனிலை நான் ஒரு சொல்லுச் சொன்னனான். அதைச் சொல்லியிருக்கக்கூடாது. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அழுகிறதைப் பார்த்து அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்ப நீ ஒஸ்லோ பாக்க வரேல்லை," என்றார்.

"இல்லை அண்ணை."

"அண்ணி சொன்னவவோ?"

தலையாட்டினேன். பக்கத்து அடுக்குமாடியில் யாரோ கம்பளத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"என்ன சொன்னனீ? எனக்கு ஒண்டும் ஞாபகமில்லையே பிள்ளை," என்றார்.

"கொள்ளி வைக்க வராதவர் எண்டு..."

"நீ அப்பிடிச் சொன்னனீயோ? அந்த நேரம் லைன் சரியில்லை. பாதி கேக்கேல்லை. அப்பா மோசம் போனார் எண்டதைத் தவிர அண்டைக்கு எனக்கு வேறை ஒண்டும் காதிலை ஏறேல்லை." என் தலையில் கையை வைத்து லேசாகத் தட்டினார். "விசரி. இதையோ இவ்வளவு காலமும் வைச்சுக்கொண்டிருந்தனீ?"

நான் அழுகையோடு சிரித்தேன். பிறகு, இருபத்தொரு வருடத்துக்கு முன் கேட்டதற்குப் பதில் சொன்னேன். அப்பாவின் முகம் நன்றாக இருந்தது, நோ இல்லாத முகம், முதல்நாள்தான் சவரம் செய்திருந்தார் என்று. அவர் ஒவ்வொன்றுக்கும் "ஓ", "ஓ" என்றார். ரயில் வந்தது. அவர்தான் என் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். கதவு மூடமுதல், "லில்லெஸ்ட்ரோமிலை மாறோணும், மேடை மாறிப் போடாதை," என்றார். அதுதான் அவர் என்னிடம் நேரில் சொன்ன கடைசிச் சொல்.

விமானத்தில் தந்த பாணை முழுக்கச் சாப்பிட்டேன். மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணை சாகப்போகிறார் என்ற துக்கம் இருந்தது, ஆனால் நெஞ்சுக்குள் ஒரு மூலை காலியாகியிருந்தது. என்மேல் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அவர் கேட்கவே கேட்காத ஒரு சொல்லுக்காக இத்தனை வருடம் நான் வெந்திருக்கிறேன். நல்ல காலம், லைன் சரியில்லை என்று நினைத்தேன். எங்கள் ஊர் ரெலிபோனுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக நன்றி சொன்னேன்.

அண்ணை நத்தாரைத் தாண்டினார். பொங்கலைத் தாண்டவில்லை. இந்தமுறை ஒஸ்லோவுக்குப் போக எனக்குப் பொய் தேவைப்படவில்லை. செத்தவீடு ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. மருமகள்தான் எல்லாக் கிரியைகளும் செய்தாள். தகப்பன் அவளிடம் முன்னரே சொல்லிவைத்திருந்தாராம். கண்ணீர் விடாமல், ஐயர் சொன்ன ஒவ்வொன்றையும் செய்து முடித்தாள்.

மறுநாள் பின்னேரம், வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு, நானும் அண்ணியும் சாமிப் படங்களுக்கு முன்னால் இருந்தோம். அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் அண்ணையின் படத்தை வைத்திருந்தார்கள். விளக்குக்கு எண்ணெய் விட்டு, திரியைத் திருத்தி, அண்ணி நெருப்புப் பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"நீங்கள் கொளுத்துங்கோ மச்சாள். இண்டைக்கு என்னாலை ஏலாது. உங்கடை அப்பான்ரை திவசத்துக்கும் எப்பவும் நான்தான் கொளுத்திறது."

"ஏன், அண்ணை கொளுத்தமாட்டாரே?"

"மற்ற நாளிலை கொளுத்துவார். மாமான்ரை திவசத்துக்கு மட்டும் கிட்டவும் வரமாட்டார். ஒவ்வொரு வருஷமும் அந்தா, அந்தக் கதவு நிலையிலைதான் நிப்பார். கொள்ளி வைக்க வராதவன் விளக்குக் கொளுத்தக்கூடாது எண்டு சொல்லுவார். இருபத்தொரு வருஷம், மச்சாள். போன தரம் உடம்பு ஏலாமலும் எழும்பி வந்து அதிலைதான் நிண்டவர். ஆரோ அந்த மனுசனுக்கு அப்பிடிச் சொல்லிப்போட்டினம். ஆரெண்டு எத்தினையோ தரம் கேட்டனான். கடைசி மட்டும் சொல்லேல்லை."

நெருப்புப் பெட்டி என் கையில் இருந்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் அந்த நேரம் ஊரிலையெல்லே இருந்தனீங்கள். உங்களுக்குத் தெரியுமோ, ஆர் சொன்னதெண்டு?"

"தெரியாது அண்ணி," என்றேன்.